வெளிறிய முகத்தில் சீன மருத்துவர் எதைத் தேடுகிறார்?

வெள்ளை நிறம் பெருவாத்தின் இறகைப் போல் இருக்கலாம், உப்பைப் போல் இருக்கக் கூடாது. மஞ்சள் நிறம் மெல்லிய பட்டில் முடிந்து வைத்த மனோசிலையைப் போல் தெரிய வேண்டும், வெறும் மண்ணைப் போல் தெரியக் கூடாது. சிவப்பு என்றால் வெள்ளைத் துணிக்குள் இருக்கும் சாதிலிங்கம் போல் உள்ளிருந்து கசிய வேண்டும், காவிக்கல் போல் மேலே அப்பிக் கிடக்கக் கூடாது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற சீன மருத்துவ நூலில், ‘சுவென்’ எனும் பகுதியின் 17-ஆம் அத்தியாயம் நோயாளியின் முகத்தைப் பார்க்க இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறது.

ஒவ்வொரு நிறமும் அங்கே இரண்டு தடவை வருகிறது. நல்ல வெள்ளை ஒன்று, கெட்ட வெள்ளை ஒன்று. இறகும் வெள்ளைதான், உப்பும் வெள்ளைதான். இறகில் ஈரப்பசை கலந்த மினுக்கம் இருக்கிறது, உப்பில் வெறும் வெளுப்பு மட்டும். அதே நூலின் 10-ஆம் அத்தியாயம் இன்னும் கறாராகப் பேசுகிறது. பன்றிக் கொழுப்பின் வெள்ளை முகத்தில் இருந்தால் பிழைப்பான், காய்ந்த எலும்பின் வெள்ளை இருந்தால் இறப்பான் என்கிறது.

சீன மருத்துவர் முகத்தில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் படிக்கிறார். ஒன்று நிறம், மற்றொன்று களை. கோளாறு எந்தப் பக்கம் என்பதை நிறம் சொல்கிறது. உடம்பில் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதைக் களை சொல்கிறது. ‘முகம் வெளுத்து, பொலிவில்லாமல் இருக்கிறது’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அந்த மருத்துவத்தில் அவை இரண்டு வேறு செய்திகள். இணையத்தில் சுற்றும் முக வரைபடங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, வெளுத்த முகம் என்றால் ரத்தக்குறைவு, இந்தச் சூப்பைக் குடியுங்கள் என்று முடித்துவிடுகின்றன. மூல நூல்களில் அந்த அவசரம் கிடையாது.

முதலில், ஏன் முகம்? நெய்ஜிங்கின் இன்னொரு பகுதியான ‘லிங்ஷு’வில் மஞ்சள் பேரரசர் எனும் தொன்ம மன்னர் ஒரு கேள்வி கேட்கிறார். கடுங்குளிரில் நிலம் வெடித்து, நீர் உறைந்து, கை கால் மரத்துப்போகிறது. ஆனால் முகத்துக்கு மட்டும் யாரும் துணி போர்த்துவதில்லையே, அது எப்படி? மருத்துவர் ச்சிபோ பதில் சொல்கிறார்: உடம்பில் ஓடும் பன்னிரண்டு முதன்மைத் தடங்களும் 365 கிளைகளும் தங்கள் ரத்தத்தையும் ‘ச்சி’ எனும் உயிராற்றலையும் முகத்துக்கு அனுப்புகின்றன, அதனால்தான் முகத்தின் தோல் தடித்து, குளிரைத் தாங்குகிறது. உடம்பு முழுவதும் ஓடுவது வந்து சேரும் இடம் முகம் என்பதால், அங்கே தட்டுப்பாடு தெரிந்தால் உள்ளே எங்கோ தட்டுப்பாடு இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. இதயத்தின் ‘மலர்ச்சி’ முகத்தில் தெரியும் என்ற வாசகமும் சுவென்னில் உண்டு. அதே போல் கல்லீரலுக்கு நகம், மண்ணீரலுக்கு உதடு, சிறுநீரகத்துக்குத் தலைமுடி. ஆகவே முகம் வெளுத்திருந்தால் மருத்துவரின் கண் அடுத்த நொடியே உதட்டுக்கும் நகத்துக்கும் போகிறது.

உறுப்புகளின் பெயரைக் கேட்டு நம் உயிரியல் பாடத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம்தான் வரும். சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்பது உண்ட உணவை உடம்புக்கு உரியதாக மாற்றும் வேலையின் பெயர். வயிற்றுக்கு இடப்பக்கம் இருக்கும் உறுப்பை அறுத்து எடுத்துவிட்டாலும் சீன மருத்துவர் அந்த நோயாளியின் மண்ணீரலைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருப்பார். கல்லீரல், சிறுநீரகம் எல்லாமே இப்படித்தான்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு லிங்ஷுவின் 30-ஆம் அத்தியாயத்தில் சுருக்கமான ஒரு வரி இருக்கிறது. உடம்பின் நடுப்பகுதி உணவின் சாரத்தைப் பிழிந்து எடுக்கிறது, அது மாறிச் சிவக்கிறது, அதுவே ரத்தம். நடுப்பகுதி என்றால் வயிறும் மண்ணீரலும். வெளிறிய முகத்தைப் பார்த்த சீன மருத்துவர் பசி எப்படி, சாப்பிட்டதும் வயிறு உப்புகிறதா, மலம் இளகிப் போகிறதா என்று விசாரிப்பது இதனால்தான். முகத்துக்கும் மலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நோயாளி விழிக்கலாம். மருத்துவரைப் பொறுத்தவரை ரத்தம் தயாராகும் இடத்தில் விசாரிக்காமல் ரத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. அதே அத்தியாயம், ரத்தம் இழந்தவனின் நிறம் வெளுத்து, வாடி, மினுக்கம் இல்லாமல் இருக்கும் என்றும் சொல்கிறது. நிறத்தையும் களையையும் அந்த ஒரு வரி சேர்த்தே எண்ணுவதைக் கவனியுங்கள்.

1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களில் அரசு பாரம்பரிய மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கியது. அதன் பிறகு வந்த பாடநூல்கள் இந்தப் பழைய பேச்சுகளையெல்லாம் வகைப்படுத்தி எழுதின. வெள்ளை நிறத்துக்கு அவை தரும் பொருள்கள் குறைபாடு, குளிர், ரத்த இழப்பு. அதற்குள் கிளைகள் பிரிகின்றன.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம், இருவர் முகமும் வெளுப்பு. ஒருவர் மெலிந்தவர். முகத்தில் பொலிவு இல்லை, உதடும் நகமும் நாக்கும் வெளிறியிருக்கின்றன. எழுந்தால் தலை சுற்றுகிறது, படபடப்பு, தூக்கம் பிடிப்பதில்லை, மாதவிலக்கில் ரத்தம் குறைவு. நாடி நூல் போல் மெலிதாக ஓடுகிறது. இது ‘ரத்தக் குறை’. இன்னொருவரின் முகம் ஊதியிருக்கிறது, இழுத்துப் பிடித்த தோலில் ஒரு வெள்ளைப் பளபளப்பு. கை கால் சில்லென்று இருக்கிறது, வெந்நீர்தான் பிடிக்கிறது, எப்போதும் அசதி. இது ‘யாங் குறை’, அதாவது உடம்பின் சூடு தணிந்து, நீரைக் கடத்த முடியாமல் தேங்கிக் கிடக்கும் நிலை. இந்தப் பளபளப்பைக் களை என்று எண்ணிவிடக் கூடாது என்று ஆசிரியர்கள் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வார்கள். முதல் பெண்ணுக்குத் தரும் பிசுபிசுப்பான ரத்தமூட்டும் கஷாயத்தை இரண்டாமவருக்குத் தந்தால் வயிறு இன்னும் மந்தமாகும். வெளுப்பு ஒன்றே என்றாலும் மருந்து வேறு.

நம் ஊர் அலோபதி மருத்துவர் இவர்களைப் பார்த்தால் முதல் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வார். இரண்டாமவருக்குத் தைராய்டும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்க்கச் சொல்வார். பிரித்துப் பார்க்கும் கண் இரு தரப்பிலும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறது. பிரித்த பிறகு போகும் வழி வேறு.

மூன்றாவதாக ஒரு வெளுப்பு உண்டு. சற்று முன் வரை நன்றாக இருந்தவர் திடீரென்று வெளுத்து, குளிர்ந்த வியர்வை கொட்டி, கை கால் சில்லிட்டுப் போவது. யாங் அறுந்து விழுகிறது என்று பழைய நூல்கள் இதைக் கருதின. இன்று இது உள்ளே ரத்தப்போக்கோ மாரடைப்போ வேறு அதிர்ச்சி நிலையோ ஆக இருக்கலாம். கஷாயம் காய்ச்ச நேரம் கிடையாது, ஆம்புலன்ஸ்தான்.

மிங் காலத்து மருத்துவர் வூ குன், 1584-இல் எழுதிய ‘யீஃபாங் காவ்’ நூலில் ஒரு மருந்தை விளக்கும்போது எழுதிய பத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஜின்செங், பைசூ கிழங்கு, ஃபூலிங் பூஞ்சை, அதிமதுரம் நான்கும் சேர்ந்த ‘நான்கு பெருமக்கள் கஷாயம்’ பற்றியது. முகம் வாடி வெளுத்திருக்கிறது, பார்த்ததுமே ச்சி குறைந்திருப்பது தெரிகிறது. பேச்சு மெலிந்து வருகிறது, கேட்டதும் அது தெரிகிறது. கை காலில் வலுவில்லை என்கிறார், விசாரித்ததில் தெரிகிறது. நாடி வெறுமையாக ஓடுகிறது, தொட்டதில் தெரிகிறது. பார்த்தல், கேட்டல், வினவுதல், தொடுதல் என்ற நால்வகைச் சோதனையும் ஒரே திசையைக் காட்டிய பிறகுதான் அவர் மருந்துக்கு வருகிறார். வெளுத்த முகம் அங்கே நான்கு சாட்சிகளில் ஒன்று. மற்ற மூன்றும் ஒத்துவராவிட்டால் அந்தச் சாட்சிக்கு மதிப்பில்லை.

ஒத்துவராத சந்தர்ப்பத்துக்கு ஓர் அழுத்தமான உதாரணம் இருக்கிறது. லி காவ் (1180–1251), லி தோங்யுவான் என்றும் அழைக்கப்பட்டவர், மண்ணீரலையும் வயிற்றையும் மையமாக வைத்து ஒரு மருத்துவ மரபையே உருவாக்கியவர். அவர் வகுத்த புகழ்பெற்ற ரத்தமூட்டும் கஷாயத்தில் இரண்டே பொருள்கள். ஹுவாங்ச்சி வேர் ஐந்து பங்கு, தாங்குவெய் வேர் ஒரு பங்கு. ரத்தத்துக்கான மருந்து என்று பெயர், ஆனால் ரத்தத்தை ஊட்டும் தாங்குவெய் ஒரு பங்குதான், ச்சியை ஏற்றும் ஹுவாங்ச்சி ஐந்து மடங்கு. உருவமுள்ள ரத்தத்தைச் சட்டென்று உண்டாக்க முடியாது, உருவமற்ற ச்சியைத்தான் உடனே காப்பாற்ற முடியும், அது பின்னால் ரத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்பது இதற்குப் பிற்கால மருத்துவர்கள் தந்த விளக்கம். இந்தக் கஷாயத்தை எந்த நோயாளிக்குத் தர வேண்டும் என்று லி காவ் எழுதியதைப் படித்தால் திகைப்பு வரும். முகம் சிவந்து, கண் சிவந்து, உடம்பு கொதித்து, தாகம் அடங்காமல் இருப்பவருக்கு! கொதிக்கும் காய்ச்சலைப் போலவே தெரியும், ஆனால் நாடியை அழுத்திப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இருக்காது. அதைக் காய்ச்சல் என்று நம்பிக் குளிர்ச்சி மருந்து கொடுத்தால் ஆள் இறந்துவிடுவார் என்று எச்சரிக்கிறார். ரத்தக் குறை உள்ளவரின் முகம் சிவந்தும் இருக்கலாம் என்றால், வெளுப்பை மட்டும் வைத்து ரத்தக் குறை என்று எப்படி முடிவு கட்டுவது?

இனி களை குறைவதற்கு வருவோம். வாடிய மஞ்சள் கலந்த வெளுப்பு என்றால் மண்ணீரலின் ச்சி தளர்ந்திருக்கிறது என்பார்கள். அதனுடன் முகமும் உப்பியிருந்தால் உள்ளே ஈரம் தேங்கியிருக்கிறது. கருமை படர்ந்த மங்கல் சிறுநீரகத்தின் தளர்ச்சி. உதடும் சேர்ந்து ஊதா பாய்ந்தால் ரத்தம் ஓடாமல் தேங்கி நிற்கிறது. மஞ்சள் காமாலையில்கூட ஆரஞ்சுத் தோல் போல் பளிச்சென்ற மஞ்சளுக்கு ஒரு சிகிச்சை, புகை படிந்தது போன்ற மங்கிய மஞ்சளுக்கு வேறொரு சிகிச்சை. முதலாவது சூடும் ஈரமும் சேர்ந்தது, பொதுவாகப் புதிதாக வந்தது. இரண்டாவது குளிரும் ஈரமும் சேர்ந்தது, நாள்பட்டது, குணமாவது கடினம்.

சிங் காலத்தில் வாங் ஹோங் என்பவர், பார்வையால் நோயறிவதற்கென்றே 1875-இல் ஒரு தனி நூல் கொண்டுவந்தார். முகநிறத்தைப் பார்க்க அவர் பத்து சொற்களை ஐந்து இணைகளாகத் தந்தார். நிறம் மேலே மிதக்கிறதா, அடியில் அமுங்கியிருக்கிறதா? தெளிவா, கலங்கலா? இலேசா, அழுத்தமா? பரவிச் சிதறியிருக்கிறதா, ஓரிடத்தில் திரண்டிருக்கிறதா? கடைசி இணை, ஈரப்பசையுடன் மினுங்குகிறதா, வாடி வறண்டிருக்கிறதா என்பது. மிதப்பது தோல்மட்டத்து நோய், அமுங்கியது உள்நோய். சிதறியது புதிது, திரண்டது பழையது. ஐந்தாவது இணைதான் பிழைப்பாரா மாட்டாரா என்பதற்கு. எத்தனை நுட்பமாகப் பிரித்தாலும் கடைசித் தீர்ப்பு களைக்குத்தான் போகிறது.

எப்போது பார்க்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. சோதனைக்கு உகந்த நேரம் விடியல் என்கிறது சுவென். நோயாளி இன்னும் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார், நடந்து அலைந்திருக்க மாட்டார், ரத்த ஓட்டம் கலையாமல் இருக்கும். இன்றைய மருத்துவமனையில் விடியலுக்கு யார் வருவார்கள்? குறைந்தபட்சம் இயற்கை வெளிச்சத்தில், ஒப்பனை இல்லாமல் பார்க்க வேண்டும் என்பதைப் பாடநூல்கள் வலியுறுத்துகின்றன. டியூப் லைட்டுக்குக் கீழே செல்பேசியில் எடுத்த படத்தை வைத்து ‘உங்கள் மண்ணீரல் பலவீனம்’ என்று சொல்பவர் எந்தச் சீன நூலையும் பின்பற்றவில்லை. செல்பேசிக் கேமரா தானாகவே தோலை வெளுப்பாக்கி மழுமழுப்பாக்குகிறது. நிறத்தையும் களையையும் இரண்டையுமே கெடுத்துவிடுகிறது.

தூக்கம் கெட்டால் முகம் மங்கும் என்பதற்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. மனிதன் படுத்ததும் ரத்தம் கல்லீரலுக்குத் திரும்புகிறது என்பது சுவென் வாசகம். இரவு விழித்திருப்பவருக்கு ரத்தம் திரும்பி இளைப்பாற இடம் கிடைப்பதில்லை. அதிகமாக யோசிப்பது மண்ணீரலைக் கெடுக்கும் என்றும் அந்த நூல் சொல்கிறது. தென் சோங் காலத்தில் யென் யோங்ஹே 1253-இல் எழுதிய நூலில் இந்த வகை நோயாளிக்கென்றே ஒரு கஷாயம் வகுத்தார். ஓயாமல் யோசித்து யோசித்து இதயமும் மண்ணீரலும் களைத்து, மறதியும் படபடப்பும் வந்தவருக்கு அது. மிங் காலத்தில் ஷுவே ஜி (1487–1559) தாங்குவெய் உள்ளிட்ட இரண்டு மருந்துகளைச் சேர்த்த பிறகு, ‘குவெய் பி தாங்’ என்ற அந்தக் கஷாயம் இன்றும் மாத்திரையாகச் சீனக் கடைகளில் விற்கிறது. வெளிறி மஞ்சளித்த முகம், பசியின்மை, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தால் மருத்துவர் கை முதலில் போவது இதற்குத்தான்.

வீடுகளில் புழங்குவது இன்னும் எளிமையானது. பதப்படுத்திய ரெமானியா கிழங்கு, தாங்குவெய், வெள்ளைப் பியோனி வேர், சுவான்சியோங் நான்கையும் கொதிக்க வைக்கும் ‘நான்கு பொருள் கஷாயம்’ சோங் அரசு மருந்தகத்தின் மருந்து நூலிலேயே இடம்பெற்றது. மாதந்தோறும் மாதவிலக்கு முடிந்ததும் பெண்களுக்குக் கோழியுடன் சேர்த்துச் சூப்பாகக் கொடுப்பார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்கள் பலர் சீனத் தோழிகள் வீட்டில் அந்தக் கருஞ்சூப்பின் வாசனையை அறிந்திருப்பார்கள். சிவப்பு இலந்தைப் பழமும் லாங்கன் பழமும் போட்ட தேநீரும் இதே ரகம். சிவப்பாக இருப்பதால் இலந்தை ரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதில் இரும்புச்சத்து குறைவு, அதுவும் உடம்பு எளிதில் ஈர்க்காத வகை. ருசிக்குச் சாப்பிடலாம், ரத்தசோகைக்கு அதை நம்ப முடியாது.

கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் ‘அஜியாவ்’ கட்டிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஷான்டோங் மாகாணத்தின் தோங்ஆ ஊர் அதற்குப் பேர்போனது. ரத்தம் ஊட்டும், முகத்துக்குப் பொலிவு தரும் என்ற விளம்பரத்தில் வசதியானவர்களின் அழகுப் பொருளாக அது மாறியது. சீனாவில் கழுதைகள் குறையவே ஆப்பிரிக்காவிலிருந்து தோல் வரத் தொடங்கியது. தண்ணீர் சுமக்கவும் சந்தைக்குப் போகவும் கழுதையை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களின் கொட்டில்களிலிருந்து விலங்குகள் திருடு போயின. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைக் கண்டம் முழுவதும் தடை செய்ய முடிவெடுத்தது. அந்தக் கட்டி அடிப்படையில் ஜெலட்டின் என்ற புரதம்தான். ஒருவர் கன்னத்துப் பொலிவுக்காக இன்னொருவர் பிழைப்பு பறிபோவதை எந்த மருத்துவ மரபின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொரு மருந்து. தென்சீனக் கிராமங்களில், குறிப்பாக மல்பெரித் தோட்டங்களிலும் வயல்களிலும் வெறுங்காலுடன் வேலை செய்தவர்களிடம், முகம் மஞ்சளித்து உப்பி, உடம்பு சோர்ந்துபோகும் ஒரு நோய் இருந்தது. ‘மல்பெரி இலை மஞ்சள்’ என்றும் ‘சோம்பேறி மஞ்சள்’ என்றும் அதற்கு ஊர்ப்பெயர்கள். உழைக்க முடியாமல் உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்று ஊர் ஏசியது. அது சோம்பல் இல்லை. காலின் வழியே நுழைந்து குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு என்பது நவீன மருத்துவம் கண்டறிந்தது. பழைய மருத்துவர்களுக்குப் புழுவின் கதை தெரியாது. மண்ணீரல் தளர்ந்தது, கல்லீரல் அதை நசுக்குகிறது என்று தங்கள் மொழியில் விளக்கினார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? 1596-இல் அச்சான லி ஷிசென்னின் ‘பென்சாவ் காங்மு’ என்ற பெருநூலில், முகம் மண் நிறத்தில் மஞ்சளித்து உப்பியவருக்கான உருண்டை ஒன்று இருக்கிறது. அதன் முக்கியச் சரக்கு, சிவக்கும் வரை வறுத்த பச்சை நிற உப்பு. வறுக்கும் முன் வேதியியலில் அது ஃபெரஸ் சல்பேட், இரும்பின் உப்பு. நம் சித்த மருத்துவம் அதை அன்னபேதி என்று அழைக்கிறது.

அன்னபேதிச் செந்தூரம் பாண்டு நோய்க்கு, அதாவது வெளுப்பு நோய்க்கு, சித்த மருத்துவர்கள் இன்றும் கொடுக்கும் மருந்து. பிரான்சில் பியர் பிளோ என்ற மருத்துவர் 1832-இல் வெளிறிப்போன இளம்பெண்களுக்காகப் பிரபலப்படுத்திய மாத்திரையிலும் இதே ஃபெரஸ் சல்பேட்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் இதற்கு உறவு. ஒவ்வொரு நாட்டிலும் விளக்கம் வேறு வேறாக இருந்தபோதும், வெளுத்த முகங்களைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து மூன்று மரபுகள் ஒரே உப்பில் வந்து சேர்ந்திருக்கின்றன. மூதாதையர் கவனித்ததை மதிக்க இது போதுமான காரணம். அவர்கள் தந்த விளக்கத்தை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ள இது போதாது. புழுவைக் கொல்லாமல் இரும்பை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறும், மீண்டும் இறங்கும்.

‘ரத்தக் குறை’யும் ரத்தசோகையும் ஒன்றா என்ற கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றல்ல. ரத்தசோகைக்கு அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ், ஆணுக்கு 13-க்குக் கீழ் என்று எல்லை வைத்திருக்கிறது. ரத்தக் குறை என்பது அறிகுறிகளின் ஒரு கட்டு. ஹீமோகுளோபின் 13 உள்ள பெண்ணையும் சீன மருத்துவர் ரத்தக் குறை உள்ளவர் என்று சொல்லலாம். ஹீமோகுளோபின் 8 உள்ளவரை ச்சி குறை என்றோ யாங் குறை என்றோ சொல்லலாம். அதே போல், ரத்த அளவு சரியாக இருந்தும் முகம் வெளுப்பாகத் தெரிவதற்குப் பிறவி நிறம், வெயில் படாத வாழ்க்கை, குளிரில் சுருங்கிய ரத்தக்குழாய், தூக்கமின்மை எல்லாமே காரணமாகலாம்.

இந்த மரபின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மேரிலாந்தில் நடந்த ஆய்வுகளில், முடக்குவாத நோயாளிகள் சுமார் 40 பேரை மூன்று சீன மருத்துவர்கள் தனித்தனியாகச் சோதித்தார்கள். நோயின் வகையைச் சொல்வதில் அவர்கள் ஒத்துப்போனது மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பார்வையை மட்டும் வைத்து நோயைச் சொல்பவரைத் தெய்வீக மருத்துவர் என்று ‘நான்ஜிங்’ என்ற பழைய சீன மருத்துவ நூல் புகழ்கிறது. அப்படிப்பட்டவர் அரிது என்பதும் அந்தப் புகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. 2019-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் ‘ரத்தக் குறை’, ‘ச்சி குறை’ போன்றவற்றுக்குக் குறியீடுகள் கிடைத்தன. 2024 ஜனவரியில் சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்குமான பகுதியும் வெளியானது. எண்ணிக்கை எடுக்க உதவும் இந்தக் குறியீடுகளைச் சிகிச்சைக்கான சான்றிதழ் என்று விற்பவர்களிடம் ஏமாறக் கூடாது. சிகிச்சை பலிக்கும் என்பதற்கான சான்று இதில் அடங்காது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

தமிழ் வாசகர்கள் இதைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். சீன நூல்கள் சொல்லும் ஆரோக்கிய நிறம் சிவப்பும் மஞ்சளும் மங்கலாகக் கலந்து, உள்ளடங்கி மினுங்குவது. அது அந்த மக்களின் தோலை வைத்து எழுதப்பட்டது. மாநிறமும் கறுப்பும் உள்ள நம் முகங்களில் வெளுப்பு எளிதில் தெரியாது. ஹீமோகுளோபின் நன்றாகக் குறைந்த பிறகும் முகம் சற்றுச் சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கும். அதனால்தான் நம் மருத்துவர்கள் கீழிமையை இழுத்துப் பார்க்கிறார்கள், நாக்கை நீட்டச் சொல்கிறார்கள், குழந்தையின் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையோடு வைத்து ஒப்பிடுகிறார்கள். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நிறம், நா, விழி மூன்றும் தனித்தனியாக எண்ணப்பட்டிருப்பதும் இந்த ஊர்த் தோலைப் பார்த்துப் பழகிய அனுபவம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, அழகு பற்றியது. ஒரு வெள்ளை நூறு அழகின்மையை மறைக்கும் என்று சீனத்தில் பழமொழி உண்டு. நம் ஊர் சிவப்பழகு கிரீம் விளம்பரங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். அதே நாட்டின் மருத்துவ நூல்களோ வெள்ளையைக் குறைபாட்டின் நிறம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதிவந்திருக்கின்றன. நிறத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆசையில் பாதரசம் கலந்த கிரீம் பூசிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் சீனாவிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. கறுத்த முகத்தில் களை இருந்தால் சுவென்னின் கணக்குப்படி அது காகத்தின் இறகு, பிழைக்கும் நிறம்.

இந்தக் கஷாயங்களை முயன்று பார்க்க விரும்புபவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டே தொட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தாங்குவெய் சேர்ந்த எதையும் தொடக் கூடாது, ரத்தப்போக்கு வரலாம். தென்சீனாவின் குவாங்சி, குவாங்டோங் பகுதிகளில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு பரவலாக உண்டு. இந்தியாவிலும் அந்த மரபணு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளிறி இருப்பது இரும்புக் குறைவால் அல்ல என்பதால், சோதிக்காமல் இரும்பு மருந்தோ செந்தூரமோ தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் இரும்பு தேங்கும். ஐம்பது வயதைக் கடந்த ஆண் ஒருவர் சில மாதங்களில் வெளிறிக்கொண்டே வந்தால், குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது மூலநோயாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். சீனாவின் பெரிய பாரம்பரிய மருத்துவமனைகளிலேயே மருத்துவர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, குறிப்பேட்டில் ‘ரத்தக் குறை’ என்று எழுதிவிட்டு, அதே கையால் ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதித் தருகிறார்.